சத்தத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று

ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும்.
குறுக்கு வழி கிடையாது.
சொன்னால் நம்புவதில்லை யாரும்.
"கம்ப்யூட்டர்தானே, பட்டுனு இழுத்துக்காதா?"
இழுக்காது.
அன்றைக்கு ஓடிய வேகத்தில்தான்
இன்றைக்கும் ஓடும்.

சேகு நெய்னா கொண்டுவந்தவை பதினொன்று.
பாச்சை உருண்டை வாசத்தோடு, தொதல் வந்த தகர டப்பாவில்.
ஷார்ஜாவிலிருந்து ஆறு லீவு,
லீவுக்கு இரண்டு டேப். ஒன்றைக் காணோமாம்.
கீழக்கரைக் காற்று சும்மா விடுமா,
மூன்றில் நாடாவின் ஓரம் வெள்ளை பூத்திருந்தது.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்தேன்.
முஸ்லிம் பஜாரில் இந்த கேமராவை
இன்னும் உயிரோடு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.
அதுவும் என்ன உயிர்,
அடாப்டர் ஒயரை ஒரு கோணத்தில் வளைத்து
செல்லோடேப் ஒட்டினால் மூச்சு விடும்.

"விட்டுட்டுப் போங்க, வியாழக்கிழமை வாங்க" என்றேன்.
போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் டேப்பில் மகள் ரிஃபாயா, இரண்டே பல்லோடு.
அப்பா தீவுக்குப் போகும் வத்தை. ஆட்டம்.
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் முத்து ஜொஹரா.
அவர் இல்லை. எடுத்தவர் எப்படி இருப்பார்?
குரல் மட்டும், காதை ஒட்டி, பெரிதாக:
நகராதே.
கொஞ்சம் இடது பக்கம்.
சிரி. இன்னும் சிரி.
கையை இறக்கு.
இங்க பாருன்னா பாரு.

நான்காம் டேப்பில் பெருநாள். நகராதே.
ஆறில் சின்னவனுக்கு சுன்னத்து;
அழாதே, படம் ஓடுது.
ஏழில் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து
நாற்பது நிமிடம் வெறும் கறுப்பு.
அந்தக் கறுப்புக்குள்ளும்
கொஞ்சம் இடது பக்கம்.
நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எட்டாவது முடியும்போது கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் முனகலுக்கு நடுவே கேட்டார்:
"தம்பி, இந்தக் குரலை மட்டும் எடுத்துட முடியுமா?"
"யார் குரலை?"
"அந்த ஆளு. ஓயாம அதட்டிக்கிட்டே இருக்கானே."

மைக் ஒன்றுதான் காக்கா, என்றேன்.
உங்கள் குரலும் அலையும் அவங்க சிரிப்பும்
ஒரே கோட்டில் பின்னிக் கிடக்கு.
உங்களைத் துடைத்தால் கடலும் போகும்.
ரிஃபாயா முதல் தடவை வாப்பா என்றது
உங்கள் நகராதேயின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கு.
ஒன்றை மட்டும் உருவ முடியாது.

சாளை மீனில் முள் பார்ப்பவர் போல
மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
பிறகு: "ரெண்டாப் போடு.
சத்தத்தோட ஒண்ணு. இல்லாம ஒண்ணு."
டேப்புக்கு இருநூறு, டிவிடிக்கு நாற்பது.
பேரம் பேசவில்லை.

பத்து நாள் கழித்து முத்து ஜொஹரா லாத்தா வந்தார்,
கையில் தட்டு.
"இதுல என்னமோ பழுது.
எல்லாரும் வாயை வாயை அசைக்கிறோம், ஊமை மாதிரி.
டி.வி.யில சத்தத்தைக் கூட்டிக் கூட்டி
பக்கத்து வீட்டு லாத்தாகிட்ட ஏச்சு வாங்குனதுதான் மிச்சம்,
அடுத்த சேனலுக்குப் போனா அலறுது."

இன்னொன்று எங்கே என்று நான் கேட்கவில்லை.
அது என் தொழில் இல்லை.
ஹார்ட் டிஸ்கில் எதையும்
ஒரு மாதம் வரை அழிப்பதில்லை, அது என் தொழில்.
புதுத் தட்டில் ஏற்றினேன்.
"சரியா இருக்கானு கேட்டுக்குங்க" என்று
ஹெட்போனை நீட்டினேன்.
முக்காட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
மின்விசிறி. வெளியே
ஐஸ் கட்டி இறக்கும் வண்டி.
திரையில் வத்தை ஆடியது, ஜொஹரா கண்ணைச் சுருக்கினார்.
இந்தப் பக்கம் ஜொஹரா லாத்தா
திரையிலிருந்து பார்வையை எடுக்காமல்
நாற்காலியோடு சேர்ந்து
கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தார்.